தெரியாதவர்கள் எழுந்து நில்லுங்கள்

மிளகாய் டீச்சர் என்ற பெயரை வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. பிள்ளைகள் வைத்திருக்கலாம், சக ஆசிரியர்கள் வைத்திருக்கலாம், கட்டிய கணவரே வைத்துவிட்டு அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கலாம். டீச்சருக்கு அதில் வருத்தமில்லை. "மிளகாய்க்காவது காரம்னு ஒண்ணு இருக்கு. சில பேரு உப்புச் சப்பில்லாமலே ரிட்டயராகிப் போறாங்க" என்பார்.

கோபம் வருமுன் அவரிடம் ஓர் அறிகுறி தெரியும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். கண்ணாடியில் அழுக்கே இருக்காது. அதைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர்கள் இடத்தைக் காலி செய்துவிடுவார்கள். ஒருமுறை பள்ளித் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக்கொண்டு போய் அதிகாரியின் மேசையில் வைத்து, "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க சார்" என்றார். அதிகாரி குடிக்கவில்லை. தொட்டி சுத்தமானது. இந்தக் கதையை வீட்டில் எப்போது சொன்னாலும் தையல்காரரான கணவர் ஊசியில் நூல் கோத்தபடியே, "எனக்கும் தினம் டம்ளர்லதான் வருது, நான் குடிச்சிடறேன்" என்பார்.

டீச்சர் வேலை பார்த்தது சின்னப் பள்ளிக்கூடத்தில். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே சுவர் இல்லை, அலமாரிதான் சுவர். அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் பாடம் நிற்கும். அங்கே ஐந்தாம் வகுப்புதான் கடைசி, அது டீச்சருடைய வகுப்பு. அதை முடித்தால் பிள்ளைகள் பெரிய சாலையைத் தாண்டி மூன்று மாடிப் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து குவியும் இடம் அது. பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பிலிருந்து போகிற பிள்ளை, அந்த வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாலே பாதி உயிர் போய்விடும்.

டீச்சருக்கு அது நன்றாகத் தெரியும். அவரும் அந்த வயதில் அப்படி ஒரு வாசலில் நின்றவர்தான். முதல் வருடம் கணக்கு வாத்தியார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டினார். புரிந்ததா என்றால் ஆட்டினார், அடுத்த பாடம் போகலாமா என்றாலும் ஆட்டினார். அந்த வருடம் முழுக்க ஆட்டிய தலைக்குள் ஒரு கணக்குகூட ஏறவில்லை. வருடக் கடைசியில் பெயிலானார். மறு வருடம் சொந்தத் தங்கையே அதே வகுப்புக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாம ரெண்டு பேரும் ஒரே செட்டுக்கா" என்று அந்தத் தங்கை பேரன் பேத்தி எடுத்த பிறகும் கேலி செய்கிறாள். டீச்சர் சிரித்துவிட்டுப் போவார். அன்றைக்குப் பட்ட அவமானம் மட்டும் அவர் தொண்டையை விட்டு இறங்கவே இல்லை.

அதனால்தான் தன் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாடம் நடத்தி முடித்ததும், "யாருக்குப் புரியல, எந்திரிங்க" என்பார். எழுந்தவர்களுக்குத்தான் முதல் மரியாதை. அவர்களைக் கூப்பிட்டுத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி சொல்லித் தருவார். எழுந்து நின்ற பிள்ளையைப் பார்த்து யாராவது சிரித்துவிட்டால் போச்சு, கைக்குட்டை வெளியே வந்துவிடும். புதிதாக வந்த பிள்ளைகள்கூட ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். பிறகு சந்தேகம் இருப்பவன், அரைகுறையாகப் புரிந்தவன், புரிந்தும் இன்னும் ஒன்று கேட்க இருப்பவன் என்று எல்லாரும் எழுவார்கள்.

கடைசியாகச் சொன்ன ரகம்தான் 'ஏன்' பாப்பா. இஸ்திரிக் கடைக்காரர் மகள். தண்ணீர் கொதிக்கும் என்றால் ஏன் என்பாள். மணி அடித்துவிட்டது, வீட்டுக்குப் போ என்றால் அதற்கும் ஏன் என்பாள். அவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். "உன்னைப் பெத்தாங்களா, கேள்வி கேக்கறதுக்குன்னே செஞ்சாங்களாடி" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் அவள் லீவு போட்ட நாளில் பாடமே நடத்தின மாதிரி இருக்காது.

வருடக் கடைசியில் பெரிய பள்ளிக்கான ஒத்திகை நடக்கும். அங்கே பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வருவார், மணிக்கு மணி ஆள் மாறும் என்பதைப் பிள்ளைகள் பழக வேண்டாமா? சத்துணவுக்கூடத்துச் சமையல்காரம்மாவைத் தலைமை ஆசிரியையாக்கி நாற்காலியில் உட்காரவைப்பார். அந்த அம்மாள் கரண்டியைக் கையில் பிடித்தபடி, "யாரது லேட்டு?" என்று போடும் அதட்டலில் அலமாரிக்கு அந்தப் பக்கத்து மூன்றாம் வகுப்பே நடுங்கும். தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் கணக்கு சாராக வருவார். கழுத்தில் அளவு டேப்போடு வந்து நிற்கும் கணக்கு சாரைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் நீளமாக வராண்டா வரைந்து, கழிப்பறை எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், மாடிப்படியில் பெரிய பையன்கள் இடித்தால் எப்படி ஒதுங்குவது, எல்லாவற்றையும் நடந்து காட்டுவார். கடைசியாக ஒன்று சொல்வார். "அங்கயும் பாடம் நடத்திட்டுக் கேப்பாங்க, யாருக்குப் புரியலன்னு. கூச்சப்படாம எந்திரிக்கணும். தெரியலன்னு சொல்றது தப்பில்ல. தெரிஞ்ச மாதிரி உக்காந்திருக்கறதுதான் தப்பு."

இதைச் சொல்லித்தான் அந்த வருடமும் பிள்ளைகளை அனுப்பினார்.

பெரிய பள்ளியில் வகுப்பு தொடங்கும் முன் புதிய மாணவர்களுக்கு வரவேற்பு நாள் என்று அந்த வருடம் புதிதாக ஒன்று வைத்தார்கள். வரவேற்பாம், வரவேற்பு. வாசலிலேயே கூட வந்த பெரியவர்களை நிறுத்திவிட்டார்கள். "பசங்க மட்டும் உள்ள போகலாம்மா, மேலிடத்து உத்தரவு" என்றார் காவலாளி. பிள்ளைகளைக் கூட்டிவந்த டீச்சரும் வேறு வழியில்லாமல் காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மைக் சத்தம் மட்டும் கேட்டது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை.

வெளியே வந்த பிள்ளைகள் துள்ளிக்கொண்டு வந்தார்கள். சட்டையில் எல்லாருக்கும் அட்டை குத்தியிருந்தது. மற்ற பள்ளிப் பிள்ளைகளுக்கு நீல அட்டை. இவர்களுக்கு மட்டும் மஞ்சள்.

"டீச்சர், நாங்க மட்டும்தான் எந்திரிச்சோம்" என்றான் ஒரு பையன், மூச்சு வாங்க.

"எதுக்குடா?"

ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னதை டீச்சர் கோத்துப் புரிந்துகொண்டார். மைக் வைத்திருந்த ஒரு சார், பெரிய பள்ளியில் பாடம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகக் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டாராம். ஒரு பின்னத்தை இன்னொரு பின்னத்தால் வகுக்கிற கணக்கு. மடமடவென்று போட்டு முடித்துவிட்டு, "இது யாருக்கெல்லாம் புரியல? வெக்கப்படாம எந்திரிங்க பாக்கலாம்" என்றாராம். அரங்கம் நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, இவர்கள் மட்டும் ஒரே வரிசையாக எழுந்து நின்றிருக்கிறார்கள். உடனே ஒருவர் வந்து மஞ்சள் அட்டை குத்திவிட்டுப் போயிருக்கிறார்.

"அப்புறம் மறுபடி சொல்லிக் குடுத்தாரா?"

"இல்ல டீச்சர். உக்காரச் சொல்லிட்டாரு."

டீச்சர் 'ஏன்' பாப்பாவைப் பார்த்தார். பின்னக் கணக்கை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவாள். "நீ எதுக்குடி எந்திரிச்ச?"

"கணக்கு வந்துது டீச்சர். ஆனா ரெண்டாவது பின்னத்த ஏன் தலைகீழாத் திருப்பறோம்னு அவரு சொல்லவே இல்ல. அதான் எந்திரிச்சேன்."

டீச்சருக்குப் பெருமையில் முகம் மலர்ந்தது. மஞ்சள் அட்டை என்றால் என்ன என்று அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காவலாளியின் கூண்டையே பெயர்த்திருப்பார்.

பள்ளி திறந்து இரண்டொரு வாரம் போனபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. டீச்சர் இஸ்திரிக்குத் துணி கொடுக்கப் போன இடத்தில் 'ஏன்' பாப்பாவின் அம்மா சொன்னாள். நீல அட்டைப் பிள்ளைகளுக்கு மாடியில் வகுப்பு, ஆய்வுக்கூடம், நூலகம். மஞ்சள் அட்டைக்கு சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அடிப்படைப் பிரிவு என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர். அங்கே பாடம் நடத்த என்று ஆள் கிடையாது. எந்த ஆசிரியருக்கு அந்த நேரத்தில் வேலை இல்லையோ அவர் வந்து சத்தம் வராமல் பார்த்துக்கொள்வார். அந்தக் கொட்டகையில் போய் விழுந்த பிள்ளை மாடி ஏறியதாக இதுவரை யாருக்கும் நினைவில்லை. நேராகப் படிப்பை விட்டு வெளியே போவதுதான் வழக்கம்.

"தெரியலன்னு சொன்னதுக்கு இப்படியா டீச்சர்?" என்றாள் அந்த அம்மாள், இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு. "நீங்கதான சொல்லச் சொன்னீங்க?"

குற்றம் சொல்லும் குரலில் அவள் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். டீச்சருக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. கொண்டுபோன துணியைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். தையல்காரர் மிஷினை நிறுத்தினார்.

"வெக்கப்படாம எந்திரிங்கன்னு கூப்பிட்டுட்டு, எந்திரிச்சவன் முதுகுல குத்தறதா? இதுக்குப் பேரு பள்ளிக்கூடமா? பொறி வைக்கிறவன்கூட எலிய வா வான்னு கூப்பிட மாட்டான். இவங்க வான்னு கூப்பிட்டு வைக்கிறாங்க. உக்காந்திருந்ததுங்க எல்லாத்துக்கும் புரிஞ்சுதாமா? ஒருத்தனையாவது எழுப்பிப் போட்டுக் காட்டச் சொன்னாங்களா? வாய மூடிட்டு உக்காந்தா நீலம். வாயத் தொறந்து நிஜத்தச் சொன்னா மஞ்சள். நல்லா இருக்கே நியாயம்."

"போய்க் கேளு" என்றார் கணவர். "ஆனா இந்தத் தடவை டம்ளர் எடுத்துட்டுப் போகாத. தண்ணின்னா அழுக்கு கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது."

அவர் சொன்னது சரிதான் என்று டீச்சருக்குப் பெரிய பள்ளித் தலைமை ஆசிரியரின் அறையில் போய் உட்கார்ந்த பிறகு புரிந்தது. தலைமை ஆசிரியர் கெட்டவராக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவரோ எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மின்விசிறியை டீச்சர் பக்கம் திருப்பிவைத்தார். டீ வரவழைத்தார். இத்தனை மரியாதைக்கு நடுவில் எங்கே கத்துவது?

"சார், என் பிள்ளைங்கள எதை வெச்சுக் கொட்டகைக்கு அனுப்பினீங்க?"

"நாங்க அனுப்பலம்மா. அவங்களாத்தான் எந்திரிச்சாங்க" என்றார் தலைமை ஆசிரியர் மெதுவாக. "யாரையும் நாங்க கட்டாயப்படுத்தல. பரீட்சைன்னா பயந்துடுவாங்கன்னுதான் இந்த வருஷத்துலேர்ந்து இந்த மாதிரி அன்பாக் கேக்கற முறையக் கொண்டு வந்தோம். ரொம்ப நல்லாப் போகுது."

"எந்திரிக்கறது எங்க வகுப்புல வழக்கம் சார். ஒரு சின்ன சந்தேகம்னாலும் எந்திரிப்பாங்க. நான் அப்படித்தான் பழக்கினேன்."

"தப்பாப் பழக்கிட்டீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் அவர், சொல்லிவிட்டு. "ஆனா இங்க பிள்ளைங்க அதிகம். ஒவ்வொருத்தரும் தெரியல தெரியலன்னா நாங்க பாடத்த எப்ப முடிக்கிறது? நாங்க என்ன பாக்கறோம்னா, தன்னம்பிக்கை."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக் கை வரவில்லை. "அந்தக் கணக்க இப்ப உங்க மாடி வகுப்புல போடச் சொல்லுங்க. கொட்டகையிலயும் போடச் சொல்லுங்க. யாருக்கு வருதுன்னு பாத்துட்டு அப்புறம் பேசலாம்."

"வகுப்பெல்லாம் பிரிச்சாச்சேம்மா. நடுவுல கலைச்சா மத்த பெத்தவங்க சும்மா இருப்பாங்களா? அடுத்த வருஷம் யோசிக்கலாம்."

"அடுத்த வருஷம் இந்தப் பிள்ளைங்க இங்க இருக்கணும்ல?"

குரல் உயர்ந்துவிட்டது. வெளியே பியூன் எட்டிப் பார்த்தார். தலைமை ஆசிரியர் கையசைத்து அவரைப் போகச் சொன்னார். பிறகு, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், உங்களுக்காக ஒன்று செய்கிறேன் என்கிற முகத்தோடு சொன்னார். "ஒண்ணு பண்ணலாம். உங்க பிள்ளைங்கள்ல நல்லாப் படிக்கிற ஒருத்தரச் சொல்லுங்க. கூப்பிட்டுப் பேசிப் பாக்கறேன். சரியா இருந்தா அந்த ஒரு பிள்ளைய மட்டும் நாளைக்கே மாடிக்கு மாத்திடறேன்."

ஒரு பிள்ளை. டீச்சர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். மற்றவர்களை என்ன செய்வது, சைக்கிளோடு சைக்கிளாக நிறுத்திவைப்பதா? எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் எழுந்து போனால் அந்த ஒன்றும் இல்லை. வாய் தானாக இஸ்திரிக் கடைக்காரர் மகள் பெயரைச் சொன்னது. அவளை விட்டால் வேறு யாரைச் சொல்வது? கூப்பிட்டுப் பேசும்போதே இந்த மனுஷரை ஆயிரம் கேள்வி கேட்டுத் திணறடிப்பாள், பிறகாவது இவருக்கு உறைக்கும் என்று ஓர் ஆசையும் இருந்தது.

பியூன் போய் அழைத்துவந்தார். 'ஏன்' பாப்பா டீச்சரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானாள். உடனே அதை அடக்கிக்கொண்டு கைகளைக் கட்டி நின்றாள். இந்தக் கை கட்டும் பழக்கம் டீச்சர் வகுப்பில் கிடையாது.

தலைமை ஆசிரியர் அன்பாகத்தான் கேட்டார். பெயர் என்ன, அப்பா என்ன செய்கிறார் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, பின்னால் இருந்த சின்னக் கரும்பலகையில் அதே மாதிரி ஒரு பின்னக் கணக்கைப் போட்டார். மடமடவென்று போட்டார். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பினார், பெருக்கினார், விடையைக் கோடு போட்டு அடைத்தார்.

"புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது சார்."

"எல்லாம் புரிஞ்சுதா? ஏதாவது சந்தேகம் இருந்தா வெக்கப்படாமக் கேளு."

'ஏன்' பாப்பா கரும்பலகையைப் பார்த்தாள். திருப்பிப் போட்ட அந்தப் பின்னத்தின் மேல் அவள் கண் போய் நின்றதை டீச்சர் பார்த்தார். ஐந்தாம் வகுப்பு முழுக்க அந்தக் கண்ணைப் பார்த்துப் பழகியவர் அவர். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"எனக்கு எல்லாம் தெரியும் சார்" என்றாள் அவள். "சந்தேகமே இல்ல."

தலைமை ஆசிரியருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "பாத்தீங்களா? ரெண்டே வாரத்துல என்ன முன்னேற்றம். அன்னைக்கு இதே கணக்குக்கு எந்திரிச்ச பொண்ணு. அடிப்படைப் பிரிவு வேலை செய்யலன்னு இனிமே சொல்லாதீங்க." பியூனைக் கூப்பிட்டு, இவளுக்கு ஒரு நீல அட்டை கொண்டு வரச் சொன்னார்.

பொய் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சார், இந்தப் பொண்ணு பொய் சொல்றா, இவளுக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அதை உங்ககிட்ட கேக்கப் பயந்துட்டா என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீல அட்டை திரும்பிப் போகும், அவள் திரும்பக் கொட்டகைக்குப் போவாள். அதிகாரி மேசையில் அழுக்குத் தண்ணீரை வைத்த டீச்சர் அப்போது அதைச் சொல்லவில்லை. ரொம்ப நன்றி சார் என்றுகூடச் சொல்லிவிட்டார். சொன்ன வாயைக் கிள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது.

வராண்டாவுக்கு வந்ததும் 'ஏன்' பாப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். புது அட்டையைக் குனிந்து குனிந்து பார்த்தாள்.

"இங்க அப்படித்தான் சொல்லணும் டீச்சர். தெரியலன்னு சொன்னா இங்க திட்ட மாட்டாங்க, ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் நம்மளப் பாக்கவே மாட்டாங்க." கொஞ்சம் நடந்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள். "நான் சரியாத்தான சொன்னேன்?"

டீச்சருக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் கோபப்படுவது? இந்தச் சின்ன வயசில் கை கட்டி நிற்கக் கற்றுக்கொண்ட இந்தக் குழந்தை மேலா? அவளுக்கு இதைக் கற்றுக்கொடுக்க இந்தப் பெரிய பள்ளிக்கு இரண்டு வாரம் போதுமாக இருந்திருக்கிறது. வேறு எந்தப் பாடத்தையும் இவ்வளவு சீக்கிரம் இவர்கள் நடத்தி முடித்திருக்க மாட்டார்கள்.

"சரியாத்தான் சொன்னம்மா" என்றார்.

"அப்ப மத்தவங்ககிட்டயும் சொல்லிடட்டுமா? இப்படிச் சொன்னா மாடிக்கு மாத்துவாங்கன்னு?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு அந்தத் தகரக் கூரை கண்ணுக்குத் தெரிந்தது.

"சொல்லு" என்றார் டீச்சர்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு சைக்கிள்களுக்கு நடுவே ஓடினாள். டீச்சர் அங்கேயே தூணோரமாக நின்றார். கொஞ்ச நேரத்தில் கொட்டகையில் யாரோ ஓர் ஆசிரியர் போய் எதையோ வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, யாருக்காவது புரியவில்லையா என்று கேட்டார்.

"புரிஞ்சுது சார்" என்று கொட்டகை முழுவதும் ஒரே குரலாகச் சொன்னது. அதில் எந்தக் குரல் தன் பிள்ளைகளில் யாருடையது என்று டீச்சருக்குத் தனித்தனியாகத் தெரிந்தது.